மூன்று சென்டிமீட்டர்

பிலிகுண்டுலுவில் காலை எட்டு மணிக்குக்
காவிரி எந்தக் கோட்டில் நிற்கிறதென்று
டெல்லிக்கு முதலில் சொல்கிறவன் நான்.

பெயர் கெம்பண்ணன்.
சேர்ந்தபோது கலாசி.
பத்தொன்பது வருஷத்தில் பதவியின் பெயரை
இரண்டு தடவை மாற்றிவிட்டார்கள்.
படித்துறையும் பாசியும்
பழைய பெயரிலேயே இருக்கின்றன.

நான் பார்க்கும் எண்
என் நோட்டில் பென்சிலால்,
இளநிலைப் பொறியாளரின் படிவத்தில் நீல மையால்,
ஒயர்லெஸ்ஸில் இரைச்சலோடு,
உட்கோட்டம் கோட்டம் வட்டம் என்று
ஏறிக்கொண்டே போகும்.
தலைமைப் பொறியாளருக்கு மேலே ஆணையம்,
ஆணையத்துக்கு மேலே அமைச்சகம்,
அதற்கும் மேலே யாரென்று
எனக்குச் சொன்னவர் இல்லை.
ஒவ்வொரு படியிலும் ஒருவர் சுருக்கொப்பம் போடுகிறார்.
ஒருவரும் நனைவதில்லை.

நிலையத்துக்கு மஞ்சூரான இடங்கள் ஆறு.
ஆள் இரண்டு.
இல்லாத நான்கு பேருக்கும்
ரெயின்கோட் வந்துவிட்டது.
இருப்புப் பதிவேட்டில் ஏற்றி
ஆணியில் மாட்டியிருக்கிறேன்.
காற்றடிக்கும்போது
கைகள் ஆடும், தோள்கள் நிமிரும்,
நிறைந்த அலுவலகம்தான் எங்களுடையது.

பொறியாளர் ரஞ்சன் பெஹரா, பாலசோர்க்காரர்.
பரீட்சை எழுதியது கட்டாக்கில்.
உத்தரவு போட்டது
அவரைப் பார்த்திராத ஒரு கை.
அஞ்செட்டியில் பஸ் இறங்கி
ஓர் இரும்புப்பெட்டியோடு நின்றார்.
தமிழில் அவர் கற்ற முதல் சொல் ‘ஏறுது’,
இரண்டாவது ‘இறங்குது’.
இந்த வேலைக்கு அது போதும்.
மூன்றாவதில்தான் மாட்டிக்கொண்டார்:
“ஆறு என்றால் எண்ணா, நதியா?”
ரெண்டும்தான் சார் என்றேன்.
சந்தேகமாகப் பார்த்தார்.

ஆடிப்பெருக்கு கழிந்து மூன்றாம் இரவு.
மணிக்கொரு தரம் அளவு அனுப்பு என்று மேலிருந்து குரல்.
டார்ச் மங்கிக்கொண்டே வந்தது.
தகட்டின் எண்களைச் சேறு தின்றிருந்தது.
இடுப்பளவில் நின்று
கோடுகளை விரலால் தடவித் தடவி எண்ணினேன்.
நாற்பத்தேழு!
கரையிலிருந்து பெஹரா ஒயர்லெஸ்ஸில் சொன்னார்.
பத்தே நிமிஷம்,
டெல்லியில் ஏறிவிட்டது.

வெள்ளம் வடிந்தபின் தகட்டைத் தேய்த்துக் கழுவினேன்.
என் விரலுக்குத் தப்பிய மூன்று கோடுகள்
பாசிக்கடியில் படுத்திருந்தன.

“சார், தப்பாப் போச்சு. அம்பது.”

பெஹரா வெகுநேரம் தகட்டையே பார்த்தார்.
அதற்குள் அந்த நாற்பத்தேழை
மேட்டூரில் யாரோ கூட்டியிருப்பார்.
இரண்டு மாநிலத்து வக்கீல்களும்
ஆளுக்கொரு நிறத்தில் அடிக்கோடு இழுத்திருப்பார்கள்.
எண்ணைத் திரும்ப அழைக்க முடியாது,
கடிதம் எழுதலாம்.
எழுதினோம்.
முறையான வழியில்,
ஒவ்வொரு மேஜையாக,
பணிந்தனுப்பப்பட்டது.

ஏழு மாதம் கழித்து, மினிபஸ் டிரைவரின் கையில்
பதில் வந்து இறங்கியது.
மூன்று சென்டிமீட்டர் பற்றி ஒரு வரி இல்லை.
தணிக்கையின் கேள்வி:
குறிப்பிட்ட இரவில்
டார்ச் செல் எட்டு செலவானதற்கு
விளக்கம் தருக.

அப்போது பெஹரா சில்சாருக்கு மாற்றலாகியிருந்தார்.
போகும்முன் ஒப்படைப்புப் பட்டியலை
அவரே தமிழில் வாசித்துக் காட்டினார்:
நாற்காலி ஆறு,
அளவுத் தகடு பதினான்கு,
ரெயின்கோட் ஆறு.
முடித்துவிட்டுத் தாளைப் புரட்டினார்,
நதி எங்கே கெம்பண்ணா என்றார்.
அன்றைக்குத்தான் சொல் அவருக்குப் பிடிபட்டது.

விளக்கம் எழுதி வாங்க ஆளில்லை.
பொறுப்பு அதிகாரி நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி,
அவருக்கு இதுபோல் நாலு நிலையம்.
நானே எழுதினேன்:
‘அன்று இருட்டாக இருந்தது.’
கீழே கையெழுத்து.
உறையில் போடுமுன் ஒரு முறை
நோட்டைப் புரட்டிப் பார்த்தேன்.
நாற்பத்தேழை அடித்து ஐம்பது என்று
பென்சிலால் நான் எழுதியது அப்படியே இருந்தது.
சுருக்கொப்பம் ஏதுமில்லாத எண்.

மணி எட்டாகப் போகிறது.
புது சார் யாரென்று இன்னும் தெரியவில்லை.
வரட்டும்,
அவர் ரெயின்கோட் தயாராக இருக்கிறது.